கூரியரில் போன பொங்கல் சீர்

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பியிருக்கிறேன். உள்ளங்கையில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள் ஏழு. பக்கத்து சீட் நண்பர் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்றார் ஆவலாக.

"இல்லை சார். ஒரு மாட்டோட பழைய பாக்கி இருந்தது. தீர்த்துட்டு வந்தேன்" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவருக்குச் சொல்லாத கதையை உங்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகிப் போன அக்கா, தங்கை உள்ள ஆண்பிள்ளைகள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காரவும். மற்றவர்களும் எழுந்து போய்விட வேண்டாம். தீபாவளிக்கு உங்களுக்கும் யாராவது ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுக்கத்தான் போகிறார்கள்.

என் அக்காவைக் கொடுத்திருப்பது மங்கலம்பேட்டையில். உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் உள்ள பேரூராட்சி. நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம். அப்பா இருந்தவரை பொங்கல் சீர் அவருடைய இலாகா. போகிக்கு முந்தின நாளே திண்ணையில் சாமான் சேர ஆரம்பித்துவிடும். வைக்கோல் பிரிமணையோடு ஒரு புதுப் பானை, பச்சரிசி, மண்டை வெல்லம், மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மொச்சைக்காய், ஒரு வாழைத்தார், ஒரு கட்டுக் கரும்பு. மேலே ஒரு புடவை, ஒரு வேட்டி. இத்தனையையும் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் வழியாக உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். கண்டக்டர் கரும்புக்கு லக்கேஜ் போட வருவார். அப்பா, "பொண்ணு வூட்டுக்குப் போவுது சார்" என்பார். உடனே கண்டக்டரே கட்டைத் தூக்கி உள்ளே வைப்பார். அவருக்கும் எங்கேயோ ஒரு பொண்ணு இருந்திருக்கும்.

இந்தச் சீரில் ஒரு விசேஷம். அந்த வயசில் நான் கவனித்ததில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அது வந்த சுவடே இருக்காது. கரும்புத் தோகை, பரங்கித் தோல், வாழைத் தண்டு எல்லாம் மாட்டுக்கு. கடித்துத் துப்பிய சக்கை எருக்குழிக்கு. பிரிமணை அடுப்பங்கரையில் நிரந்தர உத்தியோகத்தில் சேர்ந்துவிடும். பானையில் உப்போ புளியோ ஏறும். அது உடைந்தால் ஓட்டில் கோழிக்குத் தண்ணீர். புடவை பழசானால் பிள்ளைக்குத் தூளி, தூளி கிழிந்தால் கரித்துணி. குப்பைத்தொட்டி என்ற சாமானே அக்கா வீட்டில் ரொம்ப நாள் கிடையாது. தேவைப்படவில்லை.

அப்பா கொண்டுபோன சீர்களிலேயே பேர் வாங்கியது 2012 பொங்கல் சீர்தான். 2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, ஞாபகம் இருக்கிறதா? கடலூர் மாவட்டத்தில் முந்திரி, பலா என்று பாட்டன் காலத்து மரங்களை எல்லாம் வேரோடு படுக்க வைத்துவிட்டுப் போனது. கரண்ட் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, வாரக்கணக்கில் இருட்டு. அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அப்பா ஜவுளிக்கடைப் பக்கமே போகவில்லை. இரண்டு அரிக்கேன் விளக்கு, மெழுகுவத்தி, ஒரு பண்டல் தீப்பெட்டி, டார்ச்சுக்கு பேட்டரி செல், அரிசி, வெல்லம். "பொங்கல் சீர்ல டார்ச் செல்லா? மங்களகரமா ஒண்ணு வேணாமா?" என்று அம்மா கேட்டதற்கு, "வெளிச்சத்தவிட இன்னாடி மங்களம்?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அக்காவின் மாமியார் சீர் விஷயத்தில் சுங்க இலாகா அதிகாரி மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். அந்த வருஷம் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை வாங்கி, சிம்னியைத் துடைத்து, ஏற்றி வைத்தாராம். அதில் ஒரு விளக்கு இன்னும் மாட்டுக் கொட்டாயில் தொங்குகிறது.

அப்பா போனபிறகு இலாகா என் கைக்கு வந்தது. முதல் மூன்று வருஷம் ஒழுங்காகப் போனேன். போன வருஷம் சோம்பல் பிடித்துக்கொண்டது. லீவு இல்லை, பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். லீவு இல்லை என்பது பாதி நிஜம். டிக்கெட் நான் தேடவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, செல்ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது 'பாரம்பரியப் பொங்கல் பரிசுப் பெட்டகம்'. படத்தில் பானை பொங்குகிறது, பக்கத்தில் கரும்பு நிற்கிறது, பட்டுப்பாவாடைப் பெண் சிரிக்கிறாள். விலை 1,899 ரூபாய். டெலிவரி இலவசம். மூன்று தட்டு தட்டினேன், பணம் போய்விட்டது. சீர் செய்த திருப்தியில் ஒரு ஏப்பம்கூட விட்டேன்.

போகியன்று வீடியோ காலில் திறப்பு விழா. அக்கா பையன் கத்திரியோடு உட்கார்ந்திருந்தான். அட்டைப்பெட்டி. உள்ளே குமிழ் குமிழாக பிளாஸ்டிக் சுருள். அதற்குள் தங்கக் கலரில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி சரசரவென்று கண்ணாடிக் காகிதம், நாலு முழம் சரிகை ரிப்பன். அதற்குள் தெர்மோகோல். தெர்மோகோலில் குழி தோண்டி, ஒரு பானை. மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் பிடிக்கலாம், அவ்வளவு பெரிசு. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர், அதற்கென்றே அரசுக் கல்லூரி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் நான் அனுப்பிய பானை இது! அப்புறம் 50 கிராம் முந்திரி. சுற்றுவட்டாரம் பூராவும் முந்திரித் தோப்பு, விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், வி.ஆர்.ஐ. என்ற பெயரில் அங்கே வெளியிட்ட முந்திரி ரகங்கள் என்று எல்லாம் இருக்கிற சீமைக்கு, வேற்று மாநிலத்திலிருந்து பாக்கெட் முந்திரி.

கடைசியாகக் கரும்பு வந்தது.

"மாமா, இது கடிக்க வரல" என்றான் பையன்.

பிளாஸ்டிக் கரும்பு. ஆறு அங்குலம். 2023 பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த கரும்புகூட ஆறடிக்குக் குறையக் கூடாது என்று அரசாங்கம் கண்டிஷன் போட்டிருந்தது. அந்த வருஷம் முதலில் அறிவித்த பட்டியலில் கரும்பே இல்லை. நம்பிப் பயிர் வைத்தவர்கள் கதி என்ன என்று விவசாயிகள் போராடியபிறகு சேர்த்தார்கள். பன்னீர்க் கரும்பு கிட்டத்தட்ட பத்து மாசப் பயிர். கோடையில் நட்டு, சோகை உரித்து, காற்றில் சாயாமல் கட்டி நிறுத்தி, தை பிறக்கும்போது வெட்டுவது. பொங்கல் போய்விட்டால் அதைச் சீந்த ஆள் கிடையாது. கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பம் அந்த நாலு நாள் வியாபாரத்தை நம்பி இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு நான் அனுப்பியது, எந்த நிலத்திலும் விளையாத கரும்பு.

அக்கா தங்கமானவள். "நல்லாத்தான் தம்பி இருக்கு. ஷோகேஸ்ல வெச்சுக்கிறேன்" என்றாள். மாமியார் கேமராவுக்கு வெளியே இருந்துகொண்டு, "சீர் எங்கடி? பெட்டிதான வந்திருக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சிக்னல் சரியில்லாத மாதிரி நடித்து வைத்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு நாள். மாமா ஃபோன் பண்ணினார். மாமா ஃபோன் பண்ணுகிற ஆளே இல்லை.

"மாப்ள, லட்சுமி ரெண்டு நாளா தீனி எடுக்கல. அசை போடல. வயிறு உப்பி நிக்குது."

லட்சுமி அவர்கள் வீட்டுப் பசு. அப்போது இரண்டு மாசச் சினை.

நடந்தது இதுதான். அக்கா வழக்கம்போல, சீரில் மிஞ்சியதை அள்ளிக்கொண்டுபோய் எருக்குழி ஓரம் போட்டிருக்கிறாள். இருபது வருஷப் பழக்கம். திறப்பு விழாவில் பையன் கத்திரியால் ஒரு வெல்லக் கட்டியைப் பதம் பார்த்திருந்தான். அந்தத் தூள் முழுக்க கண்ணாடிக் காகிதத்திலும் ரிப்பனிலும் ஒட்டியிருந்தது. லட்சுமிக்கு வெல்ல வாசனை தெரியும். இத்தனை வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அதே இடத்தில் தின்றதுதானே?

அன்றைக்கு லீவு கிடைத்தது! ராத்திரியே பஸ் ஏறினேன், டிக்கெட்டும் இருந்தது. காலையில் போய் நின்றபோது கால்நடை டாக்டர் இருந்தார். ஊசி போட்டு, உப்பசத்துக்கு மருந்து ஊற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். மாடு நம்மைப் போல ருசி பார்த்து மென்று விழுங்குகிற ஜாதி இல்லையாம். நாக்கால் வளைத்து இழுத்து அப்படியே உள்ளே தள்ளிவிடும். சாவகாசமாக அப்புறம்தான் அசை போடும். உள்ளே போன பிளாஸ்டிக் செரிக்காது, பெரும்பாலும் வெளியேயும் வராது. முதல் இரைப்பையில் உருண்டு திரண்டு அங்கேயே குடியிருக்கும்.

"எடுக்க முடியாதா சார்?"

"வயித்தக் கிழிச்சித்தான் எடுக்கணும். சினை மாடு. இப்போதைக்கு வேணாம். தீனி எடுக்குதான்னு பாப்போம்."

2019 அக்டோபரில் பேப்பரில் வந்த செய்தி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திருமுல்லைவாயல் பசு ஒன்றின் வயிற்றிலிருந்து, சென்னையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். 52 கிலோ. என் காலேஜ் நாள் வெயிட். ஊர்க் குப்பை என்று அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டேன். இப்போது என் காசில் வாங்கிய குப்பை, விலாசம் எழுதி, பின்கோடு போட்டுப் போயிருக்கிறது.

லட்சுமி நாலாம் நாள் வைக்கோலில் வாய் வைத்தது. அதுவரை அக்கா என்னிடம் சரியாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாடு போட்டாள், தண்ணி வைத்தாள், கொட்டாய்க்குப் போனாள், வந்தாள். நான் வேலையில்லாமல், எருக்குழி ஓரம் மிச்சம் கிடந்த பெட்டியின் பாகங்களைப் பொறுக்கி, மாமாவின் தராசில் நிறுத்தேன். சாப்பிடக்கூடியதாக அதில் வந்தது அரிசி, வெல்லம், முந்திரி எல்லாம் சேர்த்து 400 கிராம். சாப்பிட முடியாதது ஒரு கிலோவுக்கு மேல், லட்சுமி தின்றது போக.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் போட்ட தடையில், ஸ்வீட் பாக்ஸ், அழைப்பிதழ், சிகரெட் பெட்டி இவற்றின் மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளையே பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். என் பெட்டிக்குள் இருந்தது ஸ்வீட்தானா என்று வக்கீல் வைத்து வாதாடலாம். நாம் வாங்குகிறவரை அவர்கள் சுற்றுவார்கள். எனக்கே அந்தச் சரசரப்புதான் 'கிராண்டாக இருக்கிறது' என்று தோன்றியது.

அமெரிக்காவில் ஜோயல் வால்ட்ஃபோகல் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காலேஜ் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உனக்கு வந்த பரிசு என்ன விலை இருக்கும், அதற்கு நீயாக இருந்தால் எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டிருக்கிறார். கொடுத்தவர் போட்ட காசில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அப்படியே ஆவியாகிறது என்று கணக்குச் சொன்னார். பாசத்தின் மதிப்பைச் சேர்க்காத கணக்கு அது. சிநேகிதர்கள் கொடுத்ததில் நஷ்டம் கம்மி, தள்ளியிருக்கிற சொந்தக்காரர்கள் கொடுத்ததில் ஜாஸ்தியாம். தினம் பார்க்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் ஒரு டின்னர் செட் ஆறு வருஷமாகப் பிரிக்கப்படாமல் கல்யாணம் கல்யாணமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேராசிரியர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்பாவின் டார்ச் செல்லுக்கு அந்தக் கணக்கில் எத்தனை பர்சென்ட் போடுவார் என்றுதான் தெரிந்துகொள்ள ஆசை.

சுற்றுகிற விஷயத்தில் ஜப்பான்காரன் கெட்டி. பரிசைச் சதுரத் துணியில் மூட்டை கட்டுகிற பழக்கம் அங்கே பரம்பரையாக உண்டு, ஃபுரோஷிகி என்று பெயர். அது மறைந்துகொண்டு வந்தபோது 2006-ல் அவர்கள் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கோய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த நூலில் ஒரு துணி நெய்யச் செய்து, 'இதைக் கட்டுங்கள்' என்று பிரசாரம் செய்தார். நம்மிடம் ஜப்பான் போகாமலே மஞ்சப்பை இருந்தது. மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் சிரித்தோம். அப்புறம் 2021 டிசம்பர் 23-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' என்று திட்டம் தொடங்க வேண்டிவந்தது. 2022-ல் கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற மெஷினே வைத்தார்கள். சிரித்ததற்கு அபராதம் பத்து ரூபாய்.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். மார்கழி நடுவிலேயே அக்கா ஃபோன்.

"இன்னா தம்பி, இந்த வருஷமும் கூரியர்தானா?"

"நானே வரேன்க்கா. என்ன வேணும், சொல்லு."

இதைக் கேட்டிருந்தால் போன வருஷம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அக்கா யோசிக்கவே இல்லை. "லட்சுமிக்குக் கழுத்துக் கயிறு வாங்கியா. நூல் கயிறா பாரு. இங்க எங்க பாத்தாலும் நைலான்தான். கழுத்த அறுக்குது."

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றுவது வழக்கம். பாரிமுனையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாம் பச்சை, நீலம், ஆரஞ்சில் நைலான். "நூல் கயிறு யார் சார் கேக்கறாங்க?" என்றார்கள். நாலாவது கடையில் ஒரு பெரியவர் மேலே பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கன்றுக்கும் சேர்த்து இரண்டு. ஆமாம், லட்சுமி ஆவணியில் கன்று போட்டது. பெண் கன்று. பால் மட்டும் முன்னைக்கு அரை லிட்டர் குறைச்சல். ரிப்பன்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால், சொசைட்டியில் பால் ஊற்றும்போதெல்லாம் அக்காவுக்கு என் ஞாபகம் வருமாம்.

கரும்பும் கோயம்பேட்டில் வாங்கலாம் என்று கிளம்பினேன். ஆபீஸ் வாட்ச்மேன் தடுத்தார். "சார், கோயம்பேட்டுக்குக் கரும்பு எங்க கடலூர்ப் பக்கத்துலருந்தும்தான் லாரில வருது. அத மறுபடி நீங்க பஸ்ல அங்கயே தூக்கிட்டுப் போறீங்களா?" என்றார். நியாயம். கிளாம்பாக்கத்தில் வெறுங்கையாக ஏறி, மங்கலம்பேட்டையில் இறங்கி, ரோட்டோரம் கட்டு சாய்த்து வைத்திருந்த விவசாயியிடம் தோகையோடு வாங்கினேன். பேரம் பேசவில்லை. பானையும் அங்கேயே ஒரு மண்பானைக்காரரிடம். அரிசி, வெல்லம், மஞ்சள் எல்லாம் கடைத்தெருவில். புடவை சேர்த்து முந்தின வருஷப் பெட்டியைவிட இருநூறு ரூபாய்தான் கூட ஆனது. கரும்பைத் தோளில் வைத்துத் தெருவில் நடந்தபோதுதான் இந்த ஏழு கோடு.

சில்லறைச் சாமான்களை அம்மா கொடுத்தனுப்பிய பழைய மஞ்சப்பையில் வைத்திருந்தேன். சுங்க அதிகாரி வாசலிலேயே பையை வாங்கினார். உள்ளே பார்க்காமல், பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து பாதி அழிந்திருந்தது. "இது எம்மவன் கல்யாணப் பையாச்சே!" என்றார். மாமா பெயரில் இரண்டு எழுத்தும், அக்கா பெயரில் ஒன்றும்தான் பாக்கி. பை கையோடு உள்ளே போனது. இன்றுவரை திருப்பித் தரவில்லை.

மாட்டுப் பொங்கலன்று லட்சுமிக்குப் புதுக் கயிறு கட்டினோம். கரும்புத் தோகையை நானே நறுக்கி நீட்டினேன். அது உடனே வாய் வைக்கவில்லை. முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. மறுபடி முகர்ந்தது.

மாமா கொம்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், "இன்னா மாப்ள, ரிப்பனைத் தேடுது போலருக்கே?" என்றார்.

அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து. அதற்குள் லட்சுமி தோகையை என் கையோடு சேர்த்து இழுத்தது.